வீங்கிய முகமும் அடுத்த ஊசியும்

கேள்வி:

டாக்டர், எங்கள் வீட்டில் அப்பு என்று ஒரு பக் நாய் இருக்கிறான். வயது இரண்டு முடிந்துவிட்டது, எடை எட்டு கிலோ. குட்டியில் போட வேண்டிய ஊசிகளையும், முதல் ஆண்டு ஊசியையும் நாள் தவறாமல் போட்டோம். அப்போதெல்லாம் ஒரு நாள் சோர்ந்து படுத்திருப்பான். மறுநாள் பழையபடி ஓடுவான்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை மாலை 'நைன்-இன்-ஒன்' ஊசியையும் வெறிநோய் ஊசியையும் ஒரே சமயத்தில் போட்டார்கள். வீடு வந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. முகத்தைத் தரையில் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இமையும் உதடும் உப்பிவிட்டன. வயிறு முழுக்கக் கொசு கடித்ததுபோலத் தடிப்பு. இரண்டு முறை வாந்தி எடுத்தான். ஊசி போட்ட கிளினிக்குக்கு ஓடினால் பூட்டியிருந்தது. போனையும் யாரும் எடுக்கவில்லை. ஆட்டோ பிடித்து இன்னொரு கிளினிக்குக்குப் போனோம். இரண்டு ஊசி போட்டார்கள். ஒரு மணி நேரத்தில் வீக்கம் வடிய ஆரம்பித்தது. காலையில் எழுந்து சாப்பாடு கேட்டான்.

"ஊசி போட்டதால்தானே இப்படி ஆச்சு, இனிமேல் வேண்டவே வேண்டாம்" என்கிறார் அத்தை. "சின்ன நாய்தானே, அடுத்த வருடம் பாதி மருந்து போடச் சொல்லலாம்" என்கிறார் என் கணவர். எங்கள் மகளுக்கு ஆறு வயது. எந்நேரமும் அவனை மடியில் வைத்துக்கொண்டிருக்கிறாள். ஊசியை நிறுத்தவும் பயமாக இருக்கிறது, போடவும் பயமாக இருக்கிறது. முன்பெல்லாம் ஒத்துக்கொண்ட ஊசி இந்த முறை ஏன் ஒத்துக்கொள்ளவில்லை? மறுபடி இப்படி ஆனால் என்ன செய்வது? அடுத்த வருடம் ஊசி போடலாமா, கூடாதா?

- வாசகி, மதுரை.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு 'காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்று வீடு திரும்பாமல், ஆட்டோ பிடித்து அடுத்த கிளினிக்கைத் தேடிப் போனீர்களே, அது மிகச் சரியான முடிவு. அந்த ஒரு மணி நேரத்தில் உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். அதனால் பதிலின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புவுக்கு இனியும் தடுப்பூசி உண்டு. ஆனால் இதுவரை போட்ட மாதிரி போடக்கூடாது. எந்த ஊசி தேவை, எது தேவையில்லை, எந்த நாளில், எந்த நேரத்தில், எங்கே வைத்துப் போடுவது என்று ஒவ்வொன்றையும் முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொண்டுதான் போட வேண்டும். இனி உங்கள் கேள்விகளை வரிசையாக எடுத்துக்கொள்வோம்.

முன்பு ஒத்துக்கொண்டது, இப்போது ஏன் இல்லை?

முன்பு ஒரு நாள் சோர்ந்து படுத்தானே, அதுவும் இப்போது நடந்ததும் வேறு வேறு. அந்தச் சோர்வு, உடல் தடுப்பு சக்தியை உண்டாக்கும்போது வருகிற களைப்பு. போன மாதம் நடந்தது ஒவ்வாமை. ஒவ்வாமைக்கு ஒரு குணம் உண்டு: முதல் சந்திப்பில் அது தன்னைக் காட்டிக்கொள்ளாது. உடல் ஒரு பொருளை 'எதிரி' என்று குறித்து வைத்துக்கொண்டு, அதே பொருள் மறுபடி வரும்போதுதான் பாயும். அதனால்தான் மூன்று, நான்கு ஊசிகளைத் தாங்கிய நாய், ஐந்தாவது ஊசியில் வீங்குகிறது.

அந்தப் பொருள் பெரும்பாலும் நோய்க்கிருமியாக இருப்பதில்லை. தடுப்பூசிக்கான வைரஸ்களை ஆய்வகத்தில் உயிரணுக்களில் வளர்க்கிறார்கள். அந்த உயிரணுக்களுக்குக் கன்றின் ரத்தத்திலிருந்து எடுத்த சீரம்தான் உணவு. எவ்வளவு சுத்திகரித்தாலும் அதன் புரதம் கொஞ்சம் மருந்தில் தங்கிவிடும். மருந்து கெடாமல் இருக்க ஜெலட்டின் போன்றவற்றைச் சேர்ப்பதும் உண்டு. ஊசிக்குப் பிறகு ஒவ்வாமை கண்ட நாய்களின் ரத்தத்தை ஜப்பானிய ஆய்வாளர்கள் சோதித்தபோது, பல நாய்களில் இந்தக் கன்றுச் சீரப் புரதங்களுக்கு எதிரான ஒவ்வாமை எதிர்ப்பொருள்கள் இருந்தன.

இது எத்தனை நாய்களுக்கு வருகிறது? 2005இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, தடுப்பூசி போட்டுக்கொண்ட 12 லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்களின் பதிவேடுகளைப் பார்த்தது. ஊசி போட்ட மூன்று நாட்களுக்குள் ஏதாவது ஒரு பக்கவிளைவு கண்டவை, 10,000 நாய்க்குச் சுமார் 38. அதாவது ஆயிரத்துக்கு நான்குகூட இல்லை. அதே ஆய்வில் இன்னும் இரண்டு விஷயங்கள் தெளிவாகத் தெரிந்தன. நாயின் எடை குறையக் குறைய ஆபத்து கூடுகிறது. ஒரே வருகையில் போடும் ஊசிகளின் எண்ணிக்கை கூடக் கூடவும் ஆபத்து கூடுகிறது. பத்து கிலோவுக்கு மேற்பட்ட நாய்க்கு ஒவ்வொரு கூடுதல் ஊசியும் ஆபத்தை 12 சதவீதம் கூட்டியது; பத்து கிலோவும் அதற்குக் கீழும் உள்ள நாய்க்கு 27 சதவீதம் கூட்டியது. பக்கவிளைவு அதிகம் கண்ட இனங்களில் டாஷ்ஹண்ட், பக், பாஸ்டன் டெரியர், மினியேச்சர் பின்ஷர், சிவாவா ஆகியவை முன்னால் நின்றன.

அப்புவை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். பக் இனம், எட்டு கிலோ, ஒரே மாலையில் இரண்டு ஊசி. அதற்காக ஊசி போட்டவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். இரண்டையும் சேர்த்துப் போடுவது பரவலான வழக்கம்தான். பெரும்பாலான நாய்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் இந்த நாய்க்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்த பிறகும் அதே வழக்கத்தைத் தொடர்ந்தால், அது நம் எல்லோருடைய தவறாகும்.

மறுபடி இப்படி ஆனால் என்ன செய்வது?

ஊசிக்குப் பிறகு தெரிகிற மாற்றங்களை மூன்று படிகளாகப் பிரித்து நினைவில் வையுங்கள்.

முதல் படி: ஒன்றிரண்டு நாள் சோர்வு, லேசான காய்ச்சல், சாப்பாட்டில் நாட்டமின்மை, ஊசி போட்ட இடத்தைத் தொட்டால் முனகல். அந்த இடத்தில் பட்டாணி அளவுக்குக் கட்டி வரலாம். இரண்டு மூன்று வாரத்தில் கரைந்துவிடும். இதற்கு ஓய்வும் தண்ணீரும் போதும். இரண்டு நாளைத் தாண்டினால் டாக்டரிடம் காட்டுங்கள்.

இரண்டாம் படி: முகம், இமை, உதடு வீங்குவது, உடம்பில் தடிப்பு, விடாத அரிப்பு. இது பெரும்பாலும் சில மணி நேரத்துக்குள் வந்துவிடும். இந்தப் படியில் வீட்டு வைத்தியத்துக்கு இடமில்லை, உடனே கிளம்புங்கள். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சுப்பாதை ஏற்கெனவே குறுகல். வீக்கம் தொண்டைக்கு இறங்கினால் தாங்காது.

மூன்றாம் படி: திரும்பத் திரும்ப வாந்தி, திடீர் பேதி, கால் தள்ளாட்டம், ஈறு வெளுப்பது, மயங்கி விழுவது. இது சில நிமிடங்களில் தொடங்கிவிடும். நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான். இப்படிப்பட்ட கடும் ஒவ்வாமை மனிதர்களைத் தாக்கினால் மூச்சுத் திணறலைத்தான் எதிர்பார்ப்போம். நாய்க்குப் பெரிதும் அடிபடுவது கல்லீரலும் குடலும். ரத்தம் கல்லீரல் பக்கம் தேங்கி, ரத்த அழுத்தம் சரிகிறது. அதனால் மூச்சு முட்டும் முன்பே வாந்தியும் பேதியும் வந்துவிடும். ஊசி போட்ட ஒரு மணி நேரத்துக்குள் நாய் வாந்தி எடுத்தால், 'ஏதாவது தின்றிருக்கும்' என்று விட்டுவிடக்கூடாது. அப்புவின் வீக்கம் இரண்டாம் படிதான். ஆனால் அந்த இரண்டு வாந்தியும் மூன்றாம் படியின் வாசலில் கேட்ட சத்தம்.

ஈறு பார்க்க இன்றே பழகிக்கொள்ளுங்கள். அப்பு நன்றாக இருக்கும்போது மேலுதட்டைத் தூக்கி, கோரைப்பல்லுக்கு மேலே உள்ள ஈறைப் பாருங்கள். சில பக் நாய்களுக்கு ஈறில் கறுப்புத் திட்டு இருக்கும். அது இல்லாத இடமாகப் பாருங்கள். வெளிர் ரோஜா நிறமாக இருக்கும். கட்டைவிரலால் ஒரு முறை அழுத்தி எடுங்கள். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். ஊசி போட்ட அன்று அதே ஈறு வெளுத்திருந்தாலோ, அழுத்திய இடம் நிறம் திரும்பத் தாமதித்தாலோ ஒரு நிமிடமும் யோசிக்க வேண்டாம்.

இதை நான் புத்தகத்தில் படித்ததைவிட ஒரு டாஷ்ஹண்டிடம் கற்றதே அதிகம். ஐந்து கிலோ இருக்கும். ஊசி போட்டு இறக்கிவிட்டேன். அதன் வீட்டுக்காரர் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தார். பைக் வாசலில் நின்றது. நாய் அப்படியே குந்தி உட்கார்ந்து தண்ணீராகப் பேதி போனது. பிறகு முன்னங்கால் இரண்டும் மடங்கின. தூக்கி மேசையில் போட்டு உதட்டைத் திறந்தால், ஈறு சீவிய நுங்கின் நிறத்தில் இருந்தது. அட்ரினலின் போட்டு, நரம்பில் ஊசி ஏற்றி, ட்ரிப்ஸை முழு வேகத்தில் திறந்துவிட்டோம். அவர் நாயின் தலையைப் பிடித்தபடி அதன் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். இருபது நிமிடம் கழித்து ஈறில் மெல்ல ரோஜா நிறம் திரும்பியது. அவர் ஐந்து நிமிடம் முன்னால் கிளம்பியிருந்தால் அந்த நாய் ஏதோ ஒரு சிக்னலில், பைக்கின் பெட்ரோல் டேங்க் மேல் செத்திருக்கும். அன்று முதல் என் கிளினிக்கில் ஊசி போட்ட எந்த நாயும் அரை மணி நேரம் பெஞ்சில் உட்காராமல் வெளியே போவதில்லை.

மறுபடி ஒவ்வாமை வந்தால் போகும்போது ஊசிப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் வீக்கத்தை ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். போய்ச் சேர்வதற்குள் அது வடிந்திருக்கலாம், டாக்டர் பார்க்க ஆதாரம் வேண்டும். வாயில் தண்ணீரோ சாப்பாடோ புகட்டாதீர்கள். வாயைக் கட்டாதீர்கள். வண்டியில் காற்றோட்டம் இருக்கட்டும். மனிதர்களுக்கு வாங்கி வைத்த மாத்திரையைத் தொடவே வேண்டாம். ஐபுபுரூஃபன் நாயின் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாராசிட்டமால் அளவு மீறினால் கல்லீரல் போய்விடும். சளி மாத்திரைகளில் அலர்ஜி மருந்தோடு கலந்திருக்கும் மூக்கடைப்பு மருந்து, நாயின் இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும். அப்புவின் எடைக்குக் கணக்கிட்டு உங்கள் டாக்டர் முன்பே எழுதிக் கொடுத்த அலர்ஜி மருந்து கையில் இருந்தால், அதைக் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம். கொடுத்துவிட்டோம் என்று வீட்டிலேயே இருந்துவிடக்கூடாது. சிகிச்சை முடிந்து வந்த பிறகும் ஒரு நாள் முழுக்கக் கண் வையுங்கள். வடிந்த வீக்கம் மறுபடி வருவதுண்டு.

அரிதாகச் சில விளைவுகள் தாமதமாக வரும். மூன்று வாரமாகியும் கரையாத கட்டி, ஊசி போட்ட இடத்தில் சில மாதம் கழித்து முடி கொட்டி வழுக்கை, ஊசி போட்ட சில வாரத்துக்குள் ஈறு வெளுத்துச் சிறுநீர் தேநீர் நிறத்தில் போவது, வயிற்றுத் தோலில் ஊதாப் புள்ளிகள். இவற்றில் எதைக் கண்டாலும் டாக்டரிடம் காட்டி, ஊசி போட்ட தேதியையும் சொல்லுங்கள்.

அடுத்த வருடம் போடலாமா?

முதலில் உங்கள் கணவரின் யோசனை. 'எட்டு கிலோ நாய்க்கும் எண்பது கிலோ நாய்க்கும் ஒரே அளவா?' என்று பலர் கேட்கிறார்கள். காய்ச்சல் மருந்தை உடல் எடைக்குத் தகுந்தபடி கொடுக்கிறோம். தடுப்பூசியின் கணக்கு அப்படியல்ல. தடுப்பு சக்தியை எழுப்ப இவ்வளவாவது வேண்டும் என்று ஒரு குறைந்தபட்ச அளவு உண்டு. எந்த எடைக்கும் அது ஒன்றுதான். பாதி போட்டால் பாதுகாப்பு கிடைக்காமல் போகலாம். ஒவ்வாமையோ துளி மருந்துக்கும் வரும். அதனால் பாதி மருந்தில் ஆபத்து மிஞ்சும், பயன் மிஞ்சுமா என்பது சந்தேகம். அந்த வழி வேண்டாம்.

நாம் குறைக்க வேண்டியது ஊசிகளின் எண்ணிக்கையை. நைன்-இன்-ஒன் என்பது ஒரே ஊசியில் பல நோய்களுக்கான மருந்து. பல தயாரிப்புகளில் அது இரண்டு குப்பிகளாக வரும். ஒன்றில் டிஸ்டெம்பர், பார்வோ, அடினோ போன்ற வைரஸ்கள் உலர்ந்த வெள்ளை வில்லையாக அடியில் ஒட்டியிருக்கும். இன்னொன்றில் எலிக்காய்ச்சலுக்கான லெப்டோ மருந்து திரவமாக இருக்கும். அந்தத் திரவத்தை ஊற்றி வில்லையைக் கரைத்து, இரண்டையும் ஒன்றாகப் போடுவார்கள். ஆகவே இவற்றைப் பிரிக்கவும் முடியும். வில்லையை அதற்கென உள்ள சுத்த நீரில் கரைத்துத் தனியாகப் போடலாம். லெப்டோவை வேறு நாளில் போடலாம், அல்லது விடலாம்.

எதை விடலாம்? உலகச் சிறு விலங்கு கால்நடை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல்படி, குட்டிப் பருவ ஊசிகளும் அதற்கடுத்த பூஸ்டரும் முறையாகப் போட்ட நாய்க்கு டிஸ்டெம்பர், பார்வோ, அடினோ மூன்றுக்கும் மூன்று ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் ஊசி தேவையில்லை. நாய்களின் குடல் கொரோனாவுக்கான ஊசியை அந்தச் சங்கம் பரிந்துரைப்பதே இல்லை. அப்புவுக்குப் போன மாதம்தான் இவை போய்ச் சேர்ந்திருக்கின்றன. அடுத்த வருடம் இந்த வில்லையை விட்டுவிடலாமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். மூன்று ஆண்டு கழித்தும், போடும் முன் ரத்தத்தில் எதிர்ப்பு சக்தி இருக்கிறதா என்று டைட்டர் பரிசோதனை செய்து பார்க்கலாம். இந்த மூன்று நோய்களுக்கு அந்தப் பரிசோதனை நம்பத் தகுந்தது. லெப்டோவுக்கு அது உதவாது.

லெப்டோவின் பாதுகாப்பு ஏறத்தாழ ஓர் ஆண்டுதான் நிற்கும். எலியின் சிறுநீர் கலந்த மழைநீரில் கால் வைக்கும் நாய்க்கு அந்த ஊசி அவசியம். அந்த நோய் நாயிடமிருந்து உங்கள் மகளுக்கும் வரக்கூடும். வீட்டைச் சுற்றி எலி நடமாட்டம் எப்படி, ஐப்பசி கார்த்திகையில் தெருவில் தண்ணீர் நிற்குமா என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். அதை வைத்து அவர் முடிவு செய்யட்டும்.

பேச்சுக்கே இடமில்லாதது வெறிநோய் ஊசிதான். இந்த நோயின் அறிகுறி வந்துவிட்டால் நாய்க்கும் மனிதனுக்கும் பிழைப்பு கிடையாது என்றே சொல்லலாம். மனிதர்களுக்கு வரும் வெறிநோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாய் வழியாகத்தான் வருகிறது. 'எங்கள் நாய் வாசலைத் தாண்டாது' என்பார்கள். பால்காரர் வரும்போது கேட் திறந்திருக்கிற அந்த ஒரு நிமிடம் போதும். நம் நாட்டில் இந்த ஊசியை ஆண்டுதோறும் போடுவதுதான் வழக்கம். உங்கள் மகள் எந்நேரமும் அவனை மடியில் வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மடிக்காகத்தான் இந்த ஊசி.

ஆகவே நான் சொல்லும் திட்டம் இது. அடுத்த வருடம் வெறிநோய் ஊசியை மட்டும் தனியாகப் போடுங்கள். லெப்டோ தேவையென்றால் நான்கு வாரம் கழித்துப் போடுங்கள். வேறு நிறுவனத்தின் தயாரிப்பு கிடைக்குமா என்று கேளுங்கள். சனிக்கிழமை மாலை வேண்டாம். வார நாளில் காலையில் முதல் ஆளாகப் போங்கள். அட்ரினலின், ட்ரிப்ஸ், ஆக்சிஜன் இருக்கும் இடமா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். அது உங்கள் உரிமை. நல்ல டாக்டர் கோபிக்க மாட்டார். ஊசிக்கு முன்பே அலர்ஜி மருந்து கொடுப்பதுண்டு; அது வீக்கத்தையும் தடிப்பையும் குறைக்கும், ஆனால் கடும் ஒவ்வாமையைத் தடுக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. அதனால் அப்பு போன்ற நாயை ஊசிக்குப் பின் ஒரு மணி நேரமாவது அங்கேயே வைத்திருங்கள். மாலை வரை யாராவது ஒருவர் கூடவே இருங்கள். மயங்கி விழும் அளவுக்குப் போன நாய்க்கு இந்தத் திட்டம் போதாது; அதற்கு எல்லா வசதியும் உள்ள பெரிய மருத்துவமனையில், நரம்பில் ஊசி ஏற்றி வைத்துக்கொண்டே முடிவெடுக்க வேண்டும்.

இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். அப்புவின் ஊசிப் புத்தகத்தைத் திறந்தால், மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய சின்ன ஸ்டிக்கர் இருக்கும். அதில் பேட்ச் எண் இருக்கும். அந்த எண்ணையும் தேதியையும், எத்தனை நிமிடத்தில் வீங்கியது, எத்தனை முறை வாந்தி, என்ன சிகிச்சை என்பதையும் புத்தகத்தின் முதல் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதுங்கள். ஊர் மாறினாலும், டாக்டர் மாறினாலும் முதலில் கண்ணில் படுவது அதுவாக இருக்கட்டும். மருந்து நிறுவனத்துக்குத் தெரிவிக்கும்படி ஊசி போட்ட டாக்டரிடமும் சொல்லுங்கள்; இப்படிச் சேரும் தகவல்களை வைத்துத்தான் மருந்துகளைச் சரிசெய்ய முடியும்.

கடைசியாக உங்கள் அத்தைக்கு. அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது; வீங்கிய அந்த முகத்தைக் கண்ணால் பார்த்தவர் அவர். அவரோடு வாதாட வேண்டாம். அடுத்த முறை கிளினிக்குக்கு அவரையும் அழைத்துப் போங்கள். ஊசி போட்ட பிறகு பெஞ்சில் காத்திருக்கும் அந்த ஒரு மணி நேரமும் அப்பு அவர் மடியில் இருக்கட்டும். உதட்டைத் தூக்கி ஈறைப் பார்க்க அவருக்கும் சொல்லிக் கொடுங்கள்.